எண்ணெய் மறந்த மாவு

கட்கிக்குப் பக்கத்தில் பதினைந்து பேர் வேலை செய்யும் ரப்பர் பட்டறையில் நான் கெமிஸ்ட். சிலிகோன் ரப்பர் செய்து பார்க்கலாம் என்று முதலாளியை நச்சரித்தது நான்தான். அவர் ஒரே ஒரு தடவைக்குச் சரக்கு வாங்கித் தந்தார். சொதப்பினால் பழையபடி கறுப்பு ரப்பர்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சிலிகோனை வெறுமனே வேகவைத்தால் அல்வா மாதிரி பிய்ந்துவிடும். சிலிகா என்ற வெள்ளைத் தூளைச் சேர்த்தால்தான் வலு. தும்மினால் பறக்கிற தூள் அது! மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழியத்தான் கலக்க வேண்டும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் பட்டறையில் கணபதி சிலையை, ரப்பர் பிசையும் உருளை மில்லின் பக்கத்திலேயே உட்கார வைப்பார்கள். சிலையைக் கரைக்கும் விசர்ஜன் வரை மில் ஓடாது. பூஜை முகூர்த்தம் நெருங்குகிறது என்று எல்லாரும் விரட்ட, பாதி மனம் மோதகத்தில் இருக்க, கலந்த மாவைச் சுற்றி மூடிவைத்தேன்.

ஐந்து நாள் கழித்துத் திறந்தால் மாவு பலகைபோல இறுகிக் கிடந்தது. முதலாளி தட்டிப் பார்த்து, மராட்டியில் "சகளம் வாயா கேலம்" என்றார். எல்லாம் வீணாகிவிட்டதாம். தூளே மட்டமாம். மில் ஓட்டும் கட்கித் தமிழ் அண்ணன் குப்பைத் தொட்டியைக் காட்டி, "கச்சராவுல போட்டுடவா மேடம்?" என்றார்.

அப்போதுதான் அலமாரியில் எண்ணெய் டப்பா கண்ணில் பட்டது. மூடிகூடத் திறக்கவில்லை. சிலிகாத் துகள்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து இறுகாமல் தடுக்கிற எண்ணெய். ஊற்றவே மறந்திருக்கிறேன்! ஆனால் வேகவைக்கும் மருந்தை இன்னும் சேர்க்கவில்லையே. அப்படியானால் இது வெந்துபோன ரப்பர் இல்லை, பிசைந்தால் இளகிவிடும் வெறும் பிடிவாதம்.

"போடாதீங்கண்ணா, மில்லுல விடுங்க!" என்று கத்தியேவிட்டேன்.

உருளைகளுக்கு நடுவே முதலில் பொலபொலவென்று உதிர்ந்தது. திரட்டித் திரட்டி மறுபடி விட்டோம். எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றினேன். பத்தாவது தடவையோ என்னவோ, உருளையைச் சுற்றி வழவழவென்று ஒட்டிக்கொண்டது. "அரே வா, ஆயிருச்சு மேடம்!" என்று அண்ணன் துள்ளினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்து சேர்த்து, அச்சில் அழுத்தி வேகவைத்து, ஒரு பட்டை வெட்டினோம். ஒரு நுனியை முதலாளி பிடித்தார், மறு நுனியை அண்ணன். இழுத்தார்கள், இன்னும் இழுத்தார்கள். பட்டை நீண்டதே தவிர அறவில்லை. முதலாளியின் செருப்பு வார்தான் அறுந்தது.

தூள் பிரமாதம் என்று அவர் மெச்சினார். காலையில் அதே தூளைத்தான் திட்டியிருந்தார். சந்தோஷத்தில் என் வாய் நிற்கவில்லை. தூள்மேல் தப்பே இல்லை, எண்ணெயை மறந்தது நான்தான் என்று உளறிக்கொட்டிவிட்டேன்.

அறுந்த செருப்பும் கையுமாக அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த எண்ணெய் டப்பாவைத் தூக்கி, கணபதி உட்கார்ந்திருந்த மணையில் வைத்தார்.

"ஆதி யாலா நமஸ்கார், மக் மில்" என்றார். முதலில் இதைக் கும்பிடு, அப்புறம்தான் மில்.