நோட்டில் ஏறாத கிரீம்

கிரீம் அக்கா என்றால் பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் திருதிருவென்று முழிப்பார்கள். கேக்குக்குப் பூசுகிற கிரீமைக் கலக்குவது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. தராசும் கிடையாது, அளவுக் கரண்டியும் கிடையாது. ஒரு நாள் வருகிற வெண்ணெய் மாதிரி மறுநாள் வருவதில்லை. வெயிலுக்கு ஒரு பதம், மழைக்கு ஒரு பதம். அத்தனைக்கும் ஈடு கொடுத்தது அவளுடைய நாக்கு. "அக்கா நாக்கு இல்லேன்னா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. இருக்காதா பின்னே?

சர்க்கரை வந்து ஒன்பது வருஷமாகிறது. இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவே இல்லை. ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதரை. வலது கண்ணுக்குள்ளே ரத்தக் கசிவு வேறு ஆரம்பித்திருந்தது.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்க, தினமும் நடங்க. மூணு மாசத்துல எட்டுக்குக் கீழ வரணும். இப்படியே விட்டீங்கன்னா பார்வை போயிடும்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்காவின் கணவர் ஒரு நோட்டு வாங்கி வந்துவிட்டார். முப்பது வருஷம் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டில் நின்று உள்ளே போகிற லாரியை எழுதிய மனுஷன், இப்போது பெண்டாட்டி வாய்க்குள்ளே போவதை எழுத உட்கார்ந்தார். காலையில் முட்டை ஒன்று, வெள்ளரிக்காய். மதியம் ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறையக் காய். நாலு மணிக்குச் சர்க்கரை இல்லாத டீ. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

நடை வேறு. எட்டு மணி நேரம் நின்ற காலோடு வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட விடாமல், குடியிருப்பைச் சுற்றி அரை மணி நேரம். அவர் முன்னால் போவார், இவள் பின்னால் இழுத்துக்கொண்டு போவாள். "கொஞ்சம் நில்லுங்களேன், கால் கெஞ்சுது" என்பாள். "நின்னா நடை ஆகாது" என்பார். நாள் கிழமை பார்க்காமல் மூன்று மாதம் இப்படி வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி நடந்தாள். ராத்திரி படுத்தால் பசியில் தூக்கம் வராது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒன்பது புள்ளி இரண்டு.

கிளினிக் வராந்தாவிலேயே கணவர் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லு. கடையில ஒளிஞ்சு ஒளிஞ்சு கேக் தின்னுருக்க, அதானே?"

"ஐயோ, ஒரு துண்டு தொட்டிருந்தேன்னா என் கண்ணு..." என்று ஆரம்பித்தவள், சத்தியத்துக்குக் கண்ணை இழுக்கப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டாள். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

அங்கே உணவு ஆலோசனை சொல்கிற நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள். நோட்டை முழுக்கப் புரட்டிவிட்டு, "என்ன வேலைம்மா செய்யறீங்க?" என்று கேட்டாள். அக்கா சொன்னாள்.

"ருசி பார்ப்பீங்களா?"

"பார்க்காம எப்படிங்க? சர்க்கரை போட்டதும் ஒரு தடவை, வாசனை சேர்த்ததும் ஒரு தடவை, இறக்கறப்ப ஒரு தடவை. நுனிக் கரண்டிதான். அது சாப்பாடு இல்லையே!"

அவள் பொய் சொல்லவில்லை. ருசி பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்க்கலாம் என்று சமையல் வேலை பார்க்கிற யாருக்குத்தான் தோன்றும்?

"நாளைக்கு ஒரு நாள், நீங்க வாயில வைக்கிற ஒவ்வொரு தடவையும் அதே அளவு ஒரு டம்ளர்ல போட்டுட்டு வாங்க" என்றாள் நர்ஸ்.

மறுநாள் பதினான்கு சட்டி கிரீம். வேலை முடிகிறபோது டம்ளரில் கிரீம் கோபுரம் கட்டி நின்றது. அக்கா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அதையே பார்த்தாள். மூன்று மாதமாகப் பட்ட பட்டினியெல்லாம் வீணா என்று தோன்றியது. வீட்டுக்கு எடுத்துப் போய்க் கணவர் முன்னால் வைத்தாள். அவர் நோட்டை மூடிவிட்டு, "நான் உன்னைத் தப்பாப் பேசிட்டேன்" என்றார்.

ருசி பார்த்துத் துப்பிப் பார்த்தாள். நாலு நாள்கூடத் தாங்கவில்லை. அவள் துப்ப நினைக்கும் முன்பே தொண்டை விழுங்கிவிடும், இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஐந்தாம் நாள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"கிரீம் இனி என்னால முடியாதுங்க. கண்ணு போயிடும்கறாங்க. ரொட்டிப் பக்கம் மாத்தி விட்டுடுங்க."

அவர் பதறுவார், கெஞ்சுவார், அதற்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள்.

"அதுக்கென்னக்கா, உடம்புதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டு முதலாளி போனை எடுத்தார். அடுத்த வாரம் ரெடிமேட் கலவை மூட்டையில் வந்து இறங்கியது. தண்ணீர் ஊற்றி மிஷினில் அடித்தால் போதும்.

அக்கா ரொட்டி அறுத்துப் பையில் போட்டுக்கொண்டே காதைக் கடைப் பக்கம் தீட்டி வைத்திருந்தாள். யாராவது ஒருவர் வந்து சத்தம் போடுவார் என்று நினைத்தாள். ஒரு மாதம் ஆகியும் அப்படி யாரும் வரவில்லை. வருஷா வருஷம் பிறந்தநாள் கேக் வாங்குகிற டீச்சர் வந்தார், வாங்கினார், "எப்பவும் போல அருமை" என்று மறுநாள் சொல்லிவிட்டும் போனார்.

மூன்று மாதம் கழித்து ஏழு புள்ளி எட்டு. கண் அதற்குமேல் மோசமாகவில்லை. டாக்டரம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பும் வழியில் கணவருக்குத் தரையில் கால் பாவவில்லை. இவள்தான் உம்மென்று வந்தாள்.

"என்ன, சந்தோஷமே இல்லையா உனக்கு?"

"கிரீம் மாறிடுச்சேன்னு ஒருத்தர்கூடக் கேக்கலைங்க."

"அதுவும் நல்லதுக்குத்தானே?"

"நல்லதுதான்" என்றாள் அக்கா. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா, கண்ணு நல்லா இருக்கறப்பவே விட்டிருப்பேன்."