கொலம்பஸ் வரிசையில் நின்ற பாக்கியம்

1997-ஆம் வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்திலிருந்து பதினேழு பேர் ஒரு வேனில் ஏறி, மகாபலிபுரம் ரோட்டில் இருந்த தீம் பார்க்குக்குப் போனோம். பூங்காவின் பெயர் வேண்டாம். நடந்ததில் அவர்களுடைய தவறு எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு லீவு விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவர்களை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. இதைத் தவிர அந்தப் பயணத்துக்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதிவிட்டேன், வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டரில் நடந்த இதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் நான் நல்லவனாகத் தெரிய மாட்டேன் என்பதுதான் தயக்கம்.

ஏற்பாடெல்லாம் மேல்மாடி சபாபதி சார். தி.நகரில் ஒரு வங்கியில் அதிகாரி. எங்கள் ஆறு வீட்டுக்கும் சங்கம், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்தான். வேனுக்கு நாள் வாடகை 1,100 ரூபாய், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. நுழைவுக்கட்டணம் பெரியவர்களுக்கு 125, நாலடிக்குக் கீழே இருந்தால் 90. இந்த டிக்கெட்டிலேயே எல்லா விளையாட்டும் அடக்கம். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் அத்தனை நீள வரிசை. இது எங்களுக்குப் போய்ச் சேரும்வரை தெரியாது. சபாபதி சாருக்குத் தெரிந்திருந்தது. பாக்கியத்தை அழைத்து வந்ததே அதற்காகத்தான்.

பாக்கியம் எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுப்பவள். இருபத்தைந்து வயது இருக்கும். சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசைப் பகுதியில் வீடு. "சும்மா கூட வாம்மா, குழந்தைகளைப் பாத்துக்கலாம், உனக்கும் டிக்கெட் நாங்களே எடுத்துடறோம்" என்று சபாபதி சார் சொல்லியிருந்தார். ஆறரைக்கே வந்து கேட்டருகில் நின்றாள். தலை நிறைய மல்லிகைப்பூ, மாம்பழ நிறத்தில் மடிப்புக் கலையாத நைலக்ஸ் புடவை. அவளை வேலைப் புடவையில் இல்லாமல் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

7.10-க்குக் கிளம்பினோம். அடையாறு பாலம் தாண்டி, திருவான்மியூரில் டீக்கு நிறுத்தி, 8.40-க்குப் பூங்கா வாசலில் இறங்கினோம். வழியில் பாக்கியம் ஓட்டுநர் மூர்த்தியிடம், "அண்ணே, அங்க கப்பல் மாதிரி ஆடுமே, அது கீதா?" என்று கேட்டாள். "எல்லாம் கீது. வயித்த கலக்கும், பாத்து ஏறு" என்றார் அவர். வேனே சிரித்தது.

கதவு திறந்ததும் கூட்டம் ஓடியது. 'ஓடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேதான் எல்லோரும் ஓடினார்கள். தடுக்கி விழுந்த ஒரு பெண்மணியின் செருப்பை நான்கைந்து பேர் மிதித்துக்கொண்டு போனார்கள். சுவர் ஓரமெல்லாம் சாம்பார் சாதப் பொட்டலம், வெற்றிலை எச்சில். தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் சாவகாசமாகக் கால் கழுவிக்கொண்டிருக்க, பின்னால் குழந்தைகள் டம்ளரோடு நின்றன. இதையெல்லாம் பார்த்து "நம்ம ஜனங்களுக்கு நாகரிகமே வராது" என்று சொன்னது நான்தான். சபாபதி சார் ஆமோதித்தார்.

அவருடைய திட்டம் எளிமையானது. பாக்கியம் ஒரு விளையாட்டின் வரிசையில் போய் நிற்பாள். அந்த நேரத்தில் நாங்கள் வேறொன்றை முடித்துவிட்டு வருவோம். அவள் முன்னால் வந்து சேரும்போது நாங்கள் கம்பிக்கு அடியில் புகுந்து அவளோடு சேர்ந்துகொள்வோம். மோதுகார் வரிசையில் இது நன்றாகவே நடந்தது. பின்னால் முணுமுணுத்தார்கள். "எங்க ஆளு அப்பவே நின்னாச்சு" என்றார் சபாபதி சார், அவ்வளவுதான். எங்களில் யாரும் வெட்கப்பட்டதாக நினைவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

10.20-க்கு அவளைக் கொலம்பஸ் வரிசையில் நிறுத்தினோம். அவள் கேட்ட கப்பல் ஊஞ்சல்தான் அது. நிழல் கிடையாது. மேடைக்கு ஏழெட்டு சிமெண்டுப் படி, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. என் மனைவி ஹேமா, நாலு வயது மகளோடு குழந்தைகள் பகுதிக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் ராட்டினம், ஐஸ்கிரீம் என்று சுற்றிவிட்டு 11.30-க்கு வந்தோம். பாக்கியம் மேல்படியில், சங்கிலிக்கு முன்னால் முதல் ஆளாக நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அவளுக்குப் பின்னால் இரண்டு பெண் குழந்தைகளோடு ஒருவர் நின்றிருந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலிலிருந்து அவள் குடித்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

நாங்கள் பதினான்கு பேர் கம்பிக்கு அடியில் நுழைந்தோம்.

"இன்னாமா இது?" என்றார் அவர் பாக்கியத்திடம். "ஒண்டியா நிக்கிறனு பாத்தா, பட்டாளமே வருது?"

"நான் இன்னாண்ணே பண்ணட்டும்? அவங்க நிக்க சொன்னாங்கோ" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என் பொண்ணுங்க ஒரு மணி நேரமா வெயில்ல நிக்குது சார்" என்று அவர் எங்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தக்கூட இல்லை. சபாபதி சார் அவரைப் பார்க்காமலே, "அடுத்த ரவுண்டு போங்க, என்ன அவசரம்?" என்றார்.

சங்கிலியைத் திறந்த ஊழியர் தலைகளை எண்ணினார். கப்பலில் மற்ற பக்கத்து வரிசைக்கும் இடம் விட வேண்டும், இந்தப் பக்கத்துக்குப் பதினான்கு என்றார். நாங்கள் பாக்கியத்தோடு பதினைந்து. சபாபதி சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் கைப்பையை அவளிடம் கொடுத்து, "நீ கீழ போய் நில்லும்மா, நாங்க வந்துடறோம்" என்றார். அவள் பையை வாங்கிக்கொண்டாள். நான் அவளுக்கு அடுத்துதான் நின்றேன். 'என் இடத்தில் அவள் ஏறட்டும்' என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை. கப்பலில் போய் உட்கார்ந்தேன்.

அவள் இறங்க வேண்டிய படியில்தான் வரிசையும் இருந்தது. எதிர்ப்பக்கமாக, கோபத்தில் இருந்த நூறு பேருக்கு நடுவே அவள் இறங்க வேண்டியிருந்தது. கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. முதல் தடவை மேலே போனபோது அவள் இரண்டாவது படியில் இருந்தாள். யாரோ "டிக்கெட் வாங்கினது நாங்களும்தான்டா!" என்று கத்தினார்கள். கீழிருந்து ஒரு தள்ளல், மேலிருந்து ஒரு தள்ளல். அடுத்த தடவை மேலே போனபோது அவள் படிகளுக்குக் கீழே தரையில் கிடந்தாள். அதற்கடுத்த தடவை உட்கார்ந்திருந்தாள், இடது கையை வலது கையால் பிடித்தபடி. ஒவ்வொரு முறை உயரே போகும்போதும் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் சந்தோஷத்தில் அலறிக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் ஓடும் என்று பலகையில் எழுதியிருந்தது. இறங்க வழியில்லாமல் மூன்று நிமிடம் இருந்தேன்.

யார் தள்ளினார்கள் என்று தெரியாது. கட்டம் போட்ட சட்டைக்காரர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். நாங்கள் இறங்கி வந்தபோது அவர்தான் வரிசையை விட்டு வெளியே வந்து, பாக்கியத்தின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "உங்க ஆளா சார் இது? கைய பாருங்க" என்றார். பிறகு மகள்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர்கள் இடம் போய்விட்டது. வரிசை இப்போது வாசல்வரை நீண்டிருந்தது. சின்னப் பெண் திரும்பித் திரும்பிக் கப்பலைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பூங்காவின் முதலுதவி அறையில் மருந்து தடவி, துணி சுற்றி, "எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்றார்கள். மணி 12.05. சபாபதி சார் கடிகாரத்தைப் பார்த்தார். அலைக்குளம் பாக்கி, சாப்பாடு பாக்கி, வேன் ஏழுவரை. "சுளுக்காத்தான் இருக்கும். என்னம்மா, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"பரவால்ல சார். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் பாக்கியம்.

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வேனில் மூர்த்தியோடு அவளை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனோம். ஹேமா விசாரித்தாள். "லேசா சுளுக்கு, வேன்ல ரெஸ்ட் எடுத்துக்கறா" என்றேன்.

இரண்டு மணிக்கு மனசு கேட்காமல் வேனுக்குப் போனேன். மூர்த்தி ஒரு வாரப் பத்திரிகையைச் சுருட்டி, அவள் கைக்கு அண்டக் கொடுத்து, தன் துண்டால் கட்டியிருந்தார். கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அவள் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"சார், இது சுளுக்கு இல்ல. எலும்பு ஒடஞ்சிக்கீது. வீங்கிக்கினே போவுது பாரு" என்றார் மூர்த்தி தணிந்த குரலில். "நான் இஸ்துகினு போவ ரெடி. ஆனா உங்க பெரியவர் ஒரு வார்த்த சொல்லணும். அப்பால வேன காணோம்னு ஓனர்கிட்ட போன் போட்டா என் பொழப்பு போயிடும்."

சரி, கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனேன். சபாபதி சார் அலைக்குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், பேரனைத் தோளில் வைத்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று சைகை காட்டினேன். "அஞ்சு மணிக்குக் கிளம்பிடலாம்பா!" என்று கத்தினார். நான் தலையாட்டினேன். திரும்பி வேனுக்குப் போக முகமில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

3.40-க்கு மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க ஹேமாதான் வேனுக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஈரப் புடவை, இடுப்பில் குழந்தை.

"ஏன்னா, சுளுக்குன்னேளே? நீங்க அந்தக் கையைப் பார்த்தேளா, இல்லையா?"

குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"பார்த்துட்டுதான் இங்க உக்காந்துண்டு இருக்கேளா?" என்றாள். அவள் அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை, அன்றைக்கும், பிறகும்.

யாரிடமும் கேட்காமல் 3.50-க்கு வேனைக் கிளப்ப வைத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பாக்கியம் "உங்க நாளு வீணாப் போச்சே அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். 5.10-க்கு அரசு மருத்துவமனை. மூர்த்தி மற்றவர்களை அழைத்து வர வேனைத் திருப்பிக்கொண்டு போனார்.

இளம் டாக்டர் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். "எப்ப விழுந்தாங்க?"

"காலைல பதினொன்றரை இருக்கும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

"டிராஃபிக் சார்" என்றேன்.

பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமா சார், வழில ஒரே கூட்டம்" என்றாள் டாக்டரிடம். ஹேமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, தி.நகரில் ஆபீஸ் விட்டு, சைதாப்பேட்டைக்குப் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். ஆற்றோரத்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. மாவுக்கட்டுக் கையோடு எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"சார், அந்த அண்ணன் ரெண்டு பொண்ணுங்கள இட்டுகினு வந்தாரே, பாவம் சார். வெயில்ல எனக்குத் தண்ணி குடுத்துகினே இருந்தாரு. எங்க ஆளுங்க வருவாங்கோனு நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. அந்தப் பாப்பாங்கோ கப்பல் ஏறவே இல்ல சார்."

அவள் அழுதது கைக்காக இல்லை. நான் கொண்டுபோன ஆப்பிள் பையை வைத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

எங்கள் கட்டடத்தில் அவள் விழுந்த வாரமே வேறொரு பெண் வேலைக்கு வந்துவிட்டாள். பாக்கியத்தின் எலும்பு சேர்ந்தது, ஆனால் மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. ஹேமா மட்டும் அவளைக் கூப்பிட்டுச் சின்ன வேலைகள் கொடுத்துப் பார்த்தாள். சில மாதத்தில் அவளே நின்றுவிட்டாள். பிறகு அந்த ஆற்றோர வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அவள் எங்கே போனாள் என்று தெரியாது.

இப்போது போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், ஞாயிறு வேண்டாம். கதவு திறக்க அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். தொப்பி, மாற்றுத்துணி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் அவசியம். பெரிய விளையாட்டுகளைப் பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். வரிசையில் நிற்பவர் மட்டும் ஏறட்டும். உங்கள் குழந்தைக்கு ஒரு மணி நேரம் நிற்க முடியாது என்றால் அந்த விளையாட்டை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அடிபட்டால் அருகில் எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம் என்று போகும்போதே விசாரித்து வையுங்கள். வேலை செய்பவரையோ, வயதானவரையோ, உங்களை நம்பி வரும் வேறு எவரையோ அழைத்துப் போனால், "பரவாயில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். வேறெதுவும் சொல்ல அவரால் முடியாது. அது அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.