அடுப்பு மூட்ட வாங்கிய ஸ்பிரிட்

பம்ப் ஸ்டவ்வைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், இப்போதைய அறை நண்பர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். படிக்கிறவர்களாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கால், பித்தளைத் தொட்டி, நடுவில் பர்னர். தொட்டியில் முக்கால் அளவு மண்ணெண்ணெய். பர்னருக்குக் கீழே சின்னதாய் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் ஸ்பிரிட்டை வழியாமல் ஊற்றிக் கொளுத்த வேண்டும். அது எரிந்து பர்னரைச் சூடாக்கும்வரை காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும். கிண்ணத்துத் தீ அணையப்போகிற சமயம் பார்த்துத் திருகை மூடி நாலு தரம் பம்ப் அடித்தால், மேலே ஏறுகிற எண்ணெய் ஆவியாகிக் குபீரென்று நீலமாய்ப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் ஆவியாகாத பச்சை எண்ணெய் பீய்ச்சியடித்து, மஞ்சள் தீ ஆளுயரம் எழும்பும். நான் அவசரக்காரன். முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்துப் புருவம் போயிற்று.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அறுபத்தேழில் ஆட்சி மாறி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. உழுகிறவன் பேர் இனி ஏட்டில் ஏறும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். ஏற்றுவதற்காக நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டவன் நான். எந்த வயலை யார் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள் என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பி.ஏ. பொருளாதாரம் படித்த திமிரில், மூன்று மாதத்தில் தஞ்சாவூர் ஜில்லாவையே மாற்றிவிடலாம் என்று டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கினேன்.

"எந்த வீட்லயும் கை நனைச்சிடாதீங்க" என்று தாலுகா ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மிராசுதார் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தால் குடியானவர்கள் என்னை நம்பமாட்டார்கள். குடியானவர் வீட்டில் மோர் குடித்தால் மிராசுதார் மனுப் போடுவார். அதனால்தான் ஸ்டவ். மூடிக்கிடந்த நெல் மண்டியின் பின்னறையில் நானே பொங்கி நானே தின்றேன். பகலெல்லாம் ஊரே என்னிடம் சர்வே எண் பேசும். சாயங்காலம் ஆனால், சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. கேட்டால் சந்தேகம் வரும். ஸ்டவ் இரைகிறவரை அறையில் இன்னொருவர் இருப்பது போலத் தோன்றும். சோறு வெந்த பிறகும், வேண்டாத வெந்நீருக்காக அதை எரியவிடுவேன்.

ஐப்பசி மழையில் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. மதுவிலக்குக் காலம். நாகப்பட்டினத்து மருந்துக்கடைக்காரர் என் வாயை மோந்து பார்க்காத குறையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அளந்து ஊற்றுவார். அங்கே போகவும் வழியில்லை. ரோட்டில் உடைப்பு எடுத்து பஸ் நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கொளுத்திப் பார்த்தேன். அறை முழுக்கக் கரி, பர்னர் அடைப்பு. ஊசியால் குத்திக் குத்தி அடைப்பை எடுத்தேன், தீ பிடிக்கவில்லை. மூன்று நாளும் ஊறவைத்த அவல்தான்.

நாலாம் நாள் மத்தியானம் மிராசுதாரின் காரியஸ்தர் குடையோடு வந்தார். பண்ணையின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்.

"என்ன தம்பி, அடுப்புச் சத்தமே கேக்கலியே? ஸ்பிரிட் இல்லியா?"

"ரோடு சரியானதும் வாங்கிக்கிறேங்க."

"வைத்தியத்துக்குன்னு வீட்ல ஒரு பாட்டில் கெடக்கு. அரை பாட்டில் அனுப்பட்டுமா? காபி கொடுத்தா குடிக்கமாட்டீங்க, சரி. இது குடிக்கிற வஸ்துவா? குடிச்சாத்தான் உங்க சர்க்கார் புடிச்சிட்டுப் போயிடுமே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. தின்பதில்லை, குடிப்பதில்லை, இரண்டு நிமிஷம் எரிந்து போவது, இதில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஸ்டவ் பிடித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. சூடான சோறும் ரசமும். வேறெதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர்ச் சாவடியில் விசாரணை. ஏழு மா நிலம், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதைக் குத்தகைக்கு உழுத கணவன் இறந்த பிறகு ஆறு போகமாகத் தானே பயிரிடுவதாகச் சொன்ன ஒரு பெண். அவள் வெறும் பண்ணையாள், சாகுபடி பண்ணையுடையது என்றார் காரியஸ்தர். குத்தகைச் சீட்டு எதுவும் கிடையாது. அவளும் பக்கத்து வயல்காரர் இருவரும் வந்து சொன்னால் அவள் பேர் ஏறும். வராவிட்டால் அன்றோடு நிலம் பண்ணை சாகுபடி என்று பதிவாகிவிடும். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. காரியஸ்தர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

ஊர்க்காவல் பார்க்கும் தலையாரி என்னைச் சாவடிக்குப் பின்னால் கூப்பிட்டார். "வரமாட்டாங்க சார். நேத்து நீங்க நெருப்பு வாங்கிட்டீங்களே."

"நெருப்பா? ஸ்பிரிட்ங்க."

"அட ஏன் சார், இந்த ஊர்ல ரெண்டு வீட்டுக்குச் சண்டைன்னா பேச்சு அப்புறந்தான் நிக்கும். மொதல்ல அடுப்புக்கு நெருப்பு குடுக்கிறது நிக்கும். நெருப்பு குடுத்து வாங்கினா ஒறவுன்னு அர்த்தம். சார் அடுப்பு எங்க தயவுலதான் எரியுதுன்னு காரியஸ்தர் ராத்திரியே ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

தலையாரியையும் அழைத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். அவள் வயலில் தேங்கிய தண்ணீருக்கு மண்வெட்டியால் மடை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"ஏங்க வரல? இன்னிக்கு விட்டா போச்சு."

"வந்து என்னய்யா? எரியற அடுப்பு யாருதுன்னு தெரிஞ்சிபோச்சு. எழுதறத எழுதிக்கிட்டுப் போங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மழையில் நின்றுகொண்டு ஸ்டவ் எப்படி எரிகிறது என்று அவளுக்கு விளக்கினேன். கிண்ணம், திருகு, ஆவி, எல்லாம். "அது சோறு இல்லீங்க. சும்மா சூடு பண்றதுக்கு மட்டும்."

"சூடு பண்ணாம சோறு எங்கய்யா வெந்துச்சு?" என்றாள்.

தலையாரி வானத்தைப் பார்த்தார். "தப்புதாங்க" என்றேன்.

அவள் மண்வெட்டியைக் கரையில் சாய்த்தாள். வயலை ஒட்டித்தான் அவர்கள் குடியிருப்பு. உள்ளே போய் ஒரு அலுமினியக் குவளையோடு வந்தாள். நீராகாரம். "இதக் குடிங்க. அப்புறம் வரேன்."

பக்கத்து வாசல்களில் நாலைந்து பேர் நின்றார்கள். குடித்தால் இன்றே மனு பறக்கும். குடிக்காமல் திரும்பினால், எந்தச் சாதியின் தெரு என்று பார்த்துத்தான் மறுத்தேன் என்றாகும்; ஏழு மா போய்விடும். வாங்கிக் குடித்தேன். உப்பு, தட்டிப்போட்ட பச்சை மிளகாய். அந்த ஊருக்கு வந்த பிறகு இன்னொரு கை எனக்குக் கொடுத்து நான் விழுங்கிய முதல் வாய் அதுதான். குவளையைத் திருப்பித் தரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"யோவ், வாங்கய்யா ரெண்டு பேரும்!" என்று அவள் பக்கத்து வாசல்களைப் பார்த்துக் கூப்பிட்டாள். மூன்று மணிக்குச் சாவடியில் மூன்று கைரேகைகளும் விழுந்தன. அவள் பேரைப் பதிவேட்டில் எழுதினேன். காரியஸ்தர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மனுவைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தம்மா குடுத்தத குடிச்சியா?"

"குடிச்சேன் சார்."

"மனுப் போட்ட இவங்ககிட்டயே ஸ்பிரிட்டும் வாங்கினியா?"

"வாங்கினேன் சார்."

"அது சரி. எந்தக் கட்சிக்காரனய்யா நீ?" பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். சாட்சிகள் ஒழுங்காக இருந்ததால் பதிவை அவர் தொடவில்லை. என்னை மட்டும் பேராவூரணிப் பக்கம் மாற்றிப் போட்டார். பண்ணைக்கு அப்பீல் செய்ய இன்னும் நாள் இருந்தது.

கிளம்பும் காலையில் பெட்டியும் ஸ்டவ்வுமாக ரோட்டோரம் நின்றேன். மழை விட்டிருந்தது. ரோட்டை ஒட்டிய வயலில் பத்துப் பதினைந்து பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் இருந்தாள். வேலை என் பக்கமாக நகர்ந்து வந்தது, பிறகு விலகிப் போயிற்று. அவள் நிமிரவில்லை. யாரும் என்னைப் பார்த்துக் கையசைக்கக் கூடாது, அதையும் அப்பீலில் எழுதுவார்கள் என்று முந்தின நாளே தலையாரியிடம் சொல்லி அனுப்பியவன் நான்தான். சொன்னதை அப்படியே கேட்டார்கள். பஸ் முக்கால் மணி நேரம் தாமதம்.