வெற்றிலைத் தட்டில் போன நோட்டீஸ்

என் வீட்டுக்காரர் என் அப்பா மேலேயே கேஸ் போட்டார். சண்டை ஒன்றும் இல்லை; அப்பா எங்கள் பக்கத்துச் சந்தைக் கமிட்டிக்குத் தலைவர், அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசி அது. உத்தனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிப் போன எங்கள் வண்டி மாடுகளில் ஒன்று, சந்தை வாசலில் கமிட்டி வெட்டிப்போட்டு மூடாமல் விட்ட குழியில் இறங்கி முன்கால் முறிந்துபோனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏரும் ஓடாது, வண்டியும் ஓடாது. வாசலில் நின்று சுங்கம் வாங்கத் தெரிந்தவர்களுக்குக் குழியை மூடத் தெரியாதா?

கேஸுக்கு முன்னால் கமிட்டித் தலைவருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். மாமனாருக்குத் தபாலில் நோட்டீஸா என்று இவருக்குக் கூச்சம். "நானே குடுத்துடறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கம் பெரிய சேதி எதுவானாலும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை. மகராசன் அப்படியே செய்தார்!

"மாமா, உங்க கமிட்டி மேல கேஸ் போடப் போறேங்க" என்று நோட்டீஸ் வைத்த தட்டை நீட்டினார்.

"போடுங்க மாப்ள. நானா கமிட்டிப் பணத்த எடுத்துக் குடுத்தா, மருமகனுக்குக் குடுத்தான்னு ஊரே சிரிக்கும். கோர்ட்டு சொன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். மொதல்ல சாப்புடுங்க" என்றார் அப்பா.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் கமிட்டி வக்கீல் எழுந்து, நோட்டீஸே வரவில்லை, கேஸ் செல்லாது என்றார். தபால் ரசீது எங்கே என்று நீதிபதி கேட்டார். இவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். எங்கள் வக்கீல் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மாடு போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் அப்பா எழுந்தார். கமிட்டி வக்கீல் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்; அப்பா உதறிவிட்டார்.

"நோட்டீஸ் வந்துச்சுங்க. வெத்தல பாக்கோட வந்துச்சு. பழத்த நாந்தான் தின்னேன். கமிட்டிக்கு அதுல ஆட்சேபண இல்லீங்க."

நீதிபதி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். கேஸ் செல்லுபடியாயிற்று, மாட்டுக்கு ஈடும் கிடைத்தது. அடுத்த கூட்டத்திலேயே அப்பாவின் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். நான் அழுதேன். "அட போ கழுத, நாற்காலியா ஏர் உழப்போவுது?" என்றார்.

புது மாடு பிடிக்க அதே சந்தைக்கு அப்பாவும் வந்தார். மாட்டோடு திரும்பும்போது வாசலில் எங்களை நிறுத்தினார். குழிமேல் புதிதாகப் போட்டிருந்த கல்லில் ஏறி, ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"தாங்குது. ஓட்டிட்டு வாங்க மாப்ள" என்றார்.