இறக்கத்துக்கு ஒரு சைக்கிள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் என் கணவர் மலாக்காவின் புக்கிட் சீனாக் குன்றில் விழுந்தார்.

அந்தக் குன்று முழுக்கச் சீனர்களின் கல்லறைகள். கல்லறைகளுக்கு நடுவே புல் இடுப்பளவு வளரும். பக்கத்திலேயே காஜா பெராங்கில் மாடு வைத்துப் பிழைத்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் புல்தான் ஆதாரம். காலையில் பால் கறந்து, வீடுவீடாக ஊற்றி முடித்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போவார். அறுத்த புல்லைத் தன் உயரத்துக்குக் கட்டாகக் கட்டி, பின் கேரியரில் ஏற்றி, மண்பாதையில் இறங்கி வருவார். கீழே நின்று பார்த்தால் புல்கட்டு தானாக உருண்டு வருவதுபோல் இருக்கும்.

அன்று பாதை வளைவில் மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. ஹேண்டிலுக்குச் சற்றுக் கீழே, பிரேமின் கழுத்தில், குழாய் மடங்கி முறிந்தது. பின்னால் இருந்த கட்டு அவரை முன்னால் தூக்கி எறிந்தது. வலது தோள் ஒரு கல்லறையின் சிமெண்டு விளிம்பில் போய் மோதியது. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உடைந்த சைக்கிளையும் மறக்காமல் வண்டியில் போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் உள்ளே நரம்பு கெட்டுப்போயிருந்தது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. நல்ல நாளில் ஒரு செம்புத் தண்ணீரைப் பிடிப்பார். மற்ற நாளில் அதுவும் நழுவிவிடும். நாளாக ஆகச் சரியாகும் என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

மாடுகளுக்குக் கை சரியாகும்வரை காத்திருக்கத் தெரியாது. நான் போனேன். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டம்மா மலாக்கா செட்டிக் குடும்பம். நாங்கள் கும்பிடும் மாரியம்மனைத்தான் அவரும் கும்பிடுவார், ஆனால் தமிழ் வராது. சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக வாசலில் நின்று மலாயில் என்னைத் திட்டுவார், பிறகு பிள்ளையை வாங்கிக்கொள்வார். நான் புல்லை அறுத்துத் தலையில் சுமந்து நடந்தே வருவேன். ஒரு கட்டு மாடுகளுக்குப் போதாது. திரும்பப் போவேன். வீட்டுக்கு வந்து கட்டை இறக்கும்போது கழுத்து ஆடும். அவர் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இறக்கிவைக்க ஒரு கை கொடுப்பார். அந்த ஒரு கை எனக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கும். அதை நான் சொன்னதில்லை.

பிறகுதான் அவர் வரைய ஆரம்பித்தார். அடுப்புக் கரியை எடுத்து, கொட்டகையின் சிமெண்டுத் தரையில், இடது கையால். முதலில் எனக்கு அது சைக்கிள் என்றே தெரியவில்லை. இரண்டு வட்டம், நடுவில் கோணல் கோணலாகக் கோடுகள். காலையில் நான் சாணியை அள்ளித் தரையைக் கழுவும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். அவர் தரை காய்ந்ததும் மறுபடி வரைவார். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு மாறியிருக்கும்.

என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கடையில விக்கிற சைக்கிள் சமதரைக்குச் செஞ்சது. இறக்கத்த நெனச்சு யாரும் அதைச் செய்யல. எறங்கும்போது பாரம் பூரா இந்தக் கழுத்துக்கு வருது, பாரு." கரியால் அந்த இடத்தை அழுத்திக் காட்டினார். "இங்க ஒத்தக் குழாய் பத்தாது."

எனக்கு அது புரிந்தது. அவர் மறுபடியும் அந்தக் குன்றிலிருந்து இறங்கப் போகிறார் என்பதும் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் யார் புல் கொண்டுவருவது? நான்தான். அதைச் சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அரிவாளை எடுத்துக்கொண்டு குன்றுக்குக் கிளம்பினேன்.

டவுனுக்குப் போகும் சாலையில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், சைக்கிள் கடை இருந்தது. பட்டறையும் அங்கேயே. இவர் கடையின் தரையிலும் கரியால் வரைந்து காட்டியபோது தவுக்கே முதலில் முடியவே முடியாது என்றாராம். இதில் ஏறி நீ செத்தால் ஊர் என் கடையைத்தான் சொல்லும் என்றாராம். ஆனால் இவர் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் தவுக்கே, மோட்டார்கூட இல்லாத வண்டிக்கு இத்தனை யோசிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, வெல்டிங் விளக்கைப் பற்றவைத்தார். உடைந்த பிரேமையே எடுத்து, கீழ்க்குழாயை இரண்டாக்கி, கழுத்து மூலையில் முக்கோணமாக ஒரு தகட்டை வைத்து ஒட்டினார்கள். குழாய் நகராமல் பிடித்துக்கொள்ள இரண்டு கை வேண்டும். அதற்கு நான் போனேன். கண்ணை மூடிக்கொள் என்பார்கள். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் தெரியும்.

ஆள் ஏறுவதற்கு முன்னால் வண்டியைத் தனியாக விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் என் கணவர். ஒரு மத்தியானம் இருவரும் குன்றின் பாதி உயரம்வரை அதைத் தள்ளிக்கொண்டு போனோம். சீட்டில் மணல் மூட்டை, கேரியரில் புல்கட்டு. ஹேண்டில் திரும்பாமல் இருக்க டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார். கையை விட்டதும் சைக்கிள் ஆளில்லாமல் இறங்கியது. கொஞ்ச தூரம் அழகாகத்தான் போனது. பிறகு ஒரு கல்லில் பட்டுத் திரும்பி, மணல் மூட்டையோடு ஓடையில் குதித்தது. நாங்கள் மேலே நின்றபடியே பார்த்தோம். ஓடிப் பிடிக்கவா முடியும்?

கீழே போய்ப் பார்த்தபோது பிரேமின் கழுத்து அசையவில்லை. பின்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கம்பிகளும் அச்சுக்குப் பக்கத்தில் முறிந்திருந்தன.

"ஒரு எடத்தக் கெட்டியாக்கினா அடுத்த எடம் போவுது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தரையில் புதுப் படம் இருந்தது. இந்தத் தடவை பின்சக்கரம் சின்னது. புல் உயரத்தில் இருப்பதால்தான் ஆளைத் தள்ளுகிறது, அதைத் தாழ இறக்கினால் தள்ளாது என்றார். பின்கம்பிகளும் இரட்டை ஆயின. முன்சக்கரத்தை இன்னும் முன்னால் நீட்டி வைத்தார். கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு, பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கிற சக்கரக் குடத்தைப் போட்டார். வலது கை பிரேக்கைப் பிடிக்காது என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டம்மா அதைச் சுற்றிவந்து பார்த்து, "பெலாலாங்" என்று சிரித்தார். வெட்டுக்கிளி என்று அர்த்தம். முன்னால் நீண்டு, பின்னால் குறுகி, அப்படித்தான் இருந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அதில் அவர் ஒரே ஒரு தடவைதான் இறங்கினார். நான் வளைவில் நின்றிருந்தேன். வண்டி சத்தமில்லாமல் வந்தது. பழைய சைக்கிள் அலறும். இது தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் ஆடவில்லை. அதற்கடுத்த குலுக்கலில் அவருடைய வலது கை ஹேண்டிலை விட்டுவிட்டது. அவர் விடவில்லை, கைதான் விட்டது. ஹேண்டில் திரும்பி, வண்டி மெதுவாகப் பக்கத்துப் புல்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. பெரிய அடி இல்லை. எழுந்து, தூசியைத் தட்டி, வண்டியைத்தான் முதலில் பார்த்தார்.

"வண்டி நல்லா இருக்கு. நான்தான் சரியில்ல."

புல்கட்டை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

சில நாள் தரையில் கரிக்கோடு எதுவும் இல்லை. கை சரியாகாது என்பதை நாங்கள் இருவரும் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டோம். பேசித் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் காலை கொட்டகையைக் கழுவப் போனபோது மறுபடியும் ஒரு படம் இருந்தது. அதில் மேல்குழாய் இல்லை. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் குறுக்காக ஓடும் அந்தக் குழாய் இருந்தால் புடவை கட்டியவள் ஏற முடியாது. அதை எடுத்துவிட்டு, அந்த பலத்தைக் கீழே வளைந்து போகும் இரண்டு குழாய்களுக்குக் கொடுத்திருந்தார்.

நான் தண்ணீர் வாளியோடு நின்றேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. டவுனில் சீனப் பெண்கள் ஓட்டுவார்கள், எங்களில் ஓட்டிய பெண்ணை நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்கவில்லையே என்று கோபம் வந்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. தலைச்சுமையை நினைத்தேன். தண்ணீரை ஊற்றாமல் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் கழுவினேன்.

பெலாலாங்கையே அப்படி மாற்றக் கொண்டுபோனபோது, குறுக்குக்குழாய் இல்லாத பிரேம் நெளியும் என்று தவுக்கே எச்சரித்தார். முதலில் நெளியத்தான் செய்தது. இரண்டு குழாய்களுக்கும் நடுவில் சின்னச் சின்ன இணைப்புகளை வைத்து, ஏணிபோல ஆக்கினார்கள். பிறகு நின்றது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவர் இடது கையால் சீட்டைப் பிடித்தபடி ஓடிவருவார். விழுந்தால் பிடிக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். முட்டி இரண்டும் சிராய்ந்து போயின. பக்கத்து வீட்டம்மா மஞ்சள் அரைத்துக் கொடுத்தார்.

நான் முதன்முதலாகக் குன்றிலிருந்து இறங்கிய அந்த வாரம் சுதந்திர நாளுக்காக டவுன் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ பேண்டு வாத்தியம் பழகும் சத்தம் மேலேவரை கேட்டது. பின்னால் புல் இருப்பதே தெரியவில்லை. பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. வளைவில் அவர் நின்றிருந்தார். அவரைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் விழுந்திருப்பேன். கீழே வந்து திரும்பிப் பார்த்தால் அவர் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

அதிலிருந்து அவர் தினமும் அந்த வளைவில் நிற்பார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் மாட்டைக் கவனியுங்கள் என்றேன். கேட்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில், தூறல் விழும்போதே இறங்கினேன். மண் சேறாகியிருந்தது. அந்த வளைவிலேயே, அவர் கண்ணெதிரிலேயே, பின்சக்கரம் வழுக்கியது. வண்டி என் மேல் சாய்ந்தது. இடது கால் குழாய்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, மேலே நனைந்த புல்கட்டு. ஈரப்புல்லின் கனம் சொல்லி மாளாது. அவர் ஓடிவந்தார். இடது கையால் தூக்கினார். கொஞ்சம் தூக்கியதும் நழுவி மறுபடி என் மேல் விழுந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார், கால் வழுக்கியது. கயிற்றை அறுக்கலாம் என்றால் அரிவாளை வழக்கம்போலக் கட்டுக்குள் செருகியிருந்தேன், அந்தப் பக்கம் என் மேல் அழுந்திக் கிடந்தது. ஈரத்தில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"வலிக்குதா?"

"இல்லங்க."

"பொய் சொல்ற."

அவர் என் தலைமாட்டில் சேற்றில் உட்கார்ந்தார். மழை வலுத்தது. முந்தானையை இழுத்து என் முகத்தின் மேல் பிடித்துக்கொண்டார். யாராவது வருவார்களா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவர் கண் பிரேமின் கழுத்துக்குப் போனது, குழாய்களுக்குப் போனது. இந்த நேரத்திலுமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஆச்சு. உனக்கு ஆச்சு. இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மழையில் நனைந்த முகம், வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

கல்லறை பார்க்க வந்த ஒரு சீனக் குடும்பம்தான் எங்களைக் கண்டது. ஆண்கள் இருவர் குடையைக் கீழே போட்டுவிட்டு வந்து வண்டியைத் தூக்கினார்கள். கால் வீங்கியிருந்தது, முறியவில்லை. அவர்கள் போனபிறகு நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ கீழே வந்து சேர்ந்தோம்.

கால் ஆறியதும் மறுபடி போனேன். வேறு வழி இல்லை. டவுனுக்குள் மாடு வைக்கக்கூடாது என்று ஆகும்வரை பெலாலாங்கில்தான் இறங்கினேன். அவர் வளைவில் நின்றார். அதற்குள் தவுக்கே அதேபோலச் சில வண்டிகள் செய்து, ரொட்டி விற்கிறவர்களுக்கும் கரி சுமக்கிறவர்களுக்கும் கொடுத்திருந்தார். எல்லாம் ஆண்கள் ஏறுகிற மாதிரி.

மாடுகளை ஊருக்கு வெளியே செமாபோக்கில் ஒருவர் வாங்கிக்கொண்டார். வண்டியையும் கேட்டார். கொடுத்துவிட்டோம். என் கணவருக்கு ஒரு கிடங்கில் வாசல்காவல் வேலை கிடைத்தது, பகல் நேரத்தில். கை தேவையில்லாத வேலை.

அதற்குப் பிறகு ஒருநாள் பாசாருக்கு மீன் வாங்கப் போனபோது பெலாலாங்கை வெளியே நிறுத்தியிருப்பதைப் பார்த்தோம். சீட்டிலிருந்து ஹேண்டில்வரை குறுக்காக ஒரு குழாயை வைத்து ஒட்டியிருந்தார்கள். வாங்கியவருக்குப் பொம்பளைச் சைக்கிளில் போகக் கூச்சமாக இருந்திருக்கும். ஒட்டு கரடுமுரடாக இருந்தது. என் கணவர் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். இது வந்து சேரும் இடத்தில் பழைய குழாயை நெருப்பு மெலிதாக்கிவிட்டது, இனி இங்கேதான் முறியும் என்றார்.

"உள்ள போய் வாங்கினவர்கிட்ட சொல்லலாமாங்க?"

"நமக்கு ஆள் மொகம்கூட சரியா ஞாபகம் இல்லியே."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். யாரும் வண்டியை எடுக்க வரவில்லை. செமாபோக் பக்கம் மேடே கிடையாது, ஒன்றும் ஆகாது என்றேன். அவர் தலையாட்டினார். மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.