கபடிப் படத்தில் நான் தீக்குள் ஓடினேன்

எங்கள் ஊர்க் கதையை வைத்து ஒரு கபடிப் படம் வந்தது. பட்டாசு ஆலை வெடித்துப் பாதி ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்த ஒரு கிராமத்து அணி, அழுது முடித்து, எழுந்து நின்று, மறு வருடமே கோப்பையை வாங்கிவிடுகிறது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். நாங்கள் எந்தக் கோப்பையும் வாங்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஆடுவதற்கு ஏழு பேர் சேரவே இல்லை. களத்தில் சீமைக்கருவேலம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. கடைசியில் அதை வெட்டிச் சுத்தம் செய்தவர்களும் படக்காரர்கள்தான், அவர்களுடைய படப்பிடிப்புக்காக.

வெம்பக்கோட்டை போகிற சாலையில் இருந்த ஓர் ஆலையில் நானும் என் கூட்டாளியும் ஒரே அறையில் பட்டாசுகளுக்குள் மருந்து செலுத்தினோம். அணியில் நான் பாடிப் போகிறவன், அவன் பிடிக்கிறவன். எதிராளியின் கணுக்கால் அவன் கையில் சிக்கினால் அதோடு சரி. அவனுடைய அம்மா எனக்கு அத்தை முறை. அதனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

பட்டாசு வேலைக்குச் சேர்கிற முதல் நாளே போர்மேன் ஒரு பாடம் நடத்துவார். "பொறி தட்டுனா ஓடிரணும். திரும்பிப் பாக்கப்படாது. யாரையும் கையப் பிடிச்சு இழுக்கப்படாது. நின்னா நீயும் போயிருவ." அதற்காகவே எங்கள் அறைகளுக்கு இரண்டு பக்கமும் கதவு இருக்கும். சாப்பிடும்போதுகூட எங்கள் ஆட்கள் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஆலங்குளத்தில் எங்களுக்கு ஆட்டம். சீக்கிரம் முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று இருவருமே அவசரப்பட்டோம். தரையில் சிந்திய மருந்தைக் கூட்டவில்லை. உரசிப் பற்றியதா, வெக்கையில் பற்றியதா, எனக்கு இன்றுவரை தெரியாது. சீறுகிற சத்தம் கேட்டதும் நான் கதவுக்கு வெளியே இருந்தேன். பின்னால் அவன் குரல் கேட்டது. "மாப்ளே, கால் மாட்டிக்கிருச்சுடா." பெட்டி கட்டுகிற சணல் கயிறு எங்கள் காலடியில்தான் எப்போதும் கிடக்கும். அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நிற்கவில்லை. வேலிக் கம்பி நெஞ்சில் குத்திய பிறகுதான் நின்றேன். அதற்குள் அந்த அறையே இல்லை.

மூன்றாம் நாள் அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"கடைசியா எதும் சொன்னானாய்யா?"

"இல்லத்தை. ஒண்ணும் சொல்லல. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும் பல தடவை கேட்டார், நான் அதையே சொன்னேன். அந்தப் பொய்யை நான் அவருக்காகச் சொன்னேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் சொன்னேன்.

சில வருடங்கள் கழித்து இயக்குநர் வந்தார். டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் கேட்டார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். "உங்க ஃபிரெண்டு கடைசியா என்ன சொன்னார்?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் முகம் வாடிப்போனது. நோட்டில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

படப்பிடிப்பு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே தகரமும் தெர்மாக்கோலும் வைத்து ஓர் ஆலையைக் கட்டினார்கள். கூட்டத்துக்கு எங்கள் ஊர் ஆட்களையே கூப்பிட்டார்கள். முதல் காட்சியிலேயே தகராறு. எங்கள் பெண்கள் அந்தப் பொய் ஆலையின் வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஆண்கள் தீப்பெட்டியையும் பீடியையும் எடுத்து வெளியே கல்லின் மேல் வைத்தார்கள். உள்ளே மருந்து இல்லை, வெறும் கோலப்பொடிதான் என்று உதவி இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார். தெரியும் என்றார்கள். அப்புறமும் கழற்றினார்கள்.

வெடிக்கிற காட்சி அதைவிட மோசம். புகை கிளம்பியதும் வெளியே நிற்கிற கூட்டம் ஐயோ என்று தீயை நோக்கி ஓட வேண்டும். புகை கிளம்பியது. மொத்த ஊரும் எதிர்ப் பக்கம் ஓடியது. அத்தனை பேரும், ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்காமல், கண்மாய்க் கரை வரைக்கும். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் கண்மாய்க்கரைதான்.

"உள்ள உங்க புள்ளைங்க மாட்டிக்கிட்டு இருக்காங்கம்மா! உள்ள ஓடணும்!" என்றார் உதவி இயக்குநர்.

"நீங்க ஓடுங்க தம்பி, நாங்க பாக்கோம்," என்றார் ஒரு பெரியம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது. ஊரே ஓடுகிறது, நான் மட்டுமில்லை. கடைசியில் மதுரையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து தீக்குள் ஓடவிட்டார்கள். அவர்கள் அருமையாக ஓடினார்கள்.

படம் வந்ததும் ஊரையே வேனில் ஏற்றிச் சிவகாசிக்கு மதியக் காட்சிக்கு அழைத்துப்போனார்கள். அத்தை முன் வரிசையில் இருந்தார். நான் நாலு வரிசை பின்னால்.

திரையில் நான் இருந்தேன். என்னைவிட நிறமாக, என்னைவிடப் பெரிய நெஞ்சோடு. அந்த நான் வெளியே ஓடிவந்தவன், வாசலில் நிற்கிறான், திரும்புகிறான், தீக்குள் பாய்கிறான். இரண்டு கையும் எரிய எரிய நண்பனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நண்பன் அவன் மடியில் கிடந்து சிரிக்கிறான். "நீ பாடிப் போடா மாப்ளே, நான் உன் மூச்சுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். தியேட்டரே அழுதது. எனக்கு எழுந்து போய்த் திரையைக் கிழிக்கலாம் போல இருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இயக்குநர் பாவம், கேள்விக்குறி போட்ட இடத்தை நிரப்பியிருக்கிறார். அந்த இடத்தைக் காலியாக விட்டவன் நான்தானே.

மறுநாள் அத்தை சொல்லியனுப்பினார். போனேன். இலை போட்டு வைத்திருந்தார். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. உட்கார்ந்ததும் கேட்டார்.

"அம்புட்டையும் சினிமாக்காரன்ட்ட சொல்லிருக்க. எங்கிட்ட ஏன்யா சொல்லல? எம்புட்டுத் தடவ கேட்டேன் ஒன்ன?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. அது அவர்களாக எழுதிக்கொண்டது அத்தை, அவன் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த கேள்வி, அப்படியானால் என்ன சொன்னான் என்பதாக இருக்கும். அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில். கால் மாட்டிக்கொண்டது என்று சொன்னான், நான் ஓடிவிட்டேன்.

"நீங்க தாங்க மாட்டீகன்னுதான் சொல்லல அத்தை," என்றேன்.

"அப்ப சொன்னானா?"

"சொன்னான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான் அத்தை."

"நீ உள்ள போய்த் தூக்குனியாக்கும்."

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முதலில் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். சட்டைக் கையை முழங்கை வரை மெதுவாக ஏற்றிவிட்டுப் பார்த்தார். எத்தனையோ வருடம் பட்டாசு ஆலையில் திரி வெட்டியவர் அவர். அவர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து மேலே சுருங்கிப்போன தோல், அவருக்குக் கல்யாணமாகும் முன்பே மருந்து பட்டது. அது வயதோடு கறுத்ததே தவிர மறையவில்லை. எங்கள் பக்கத்தில் யார் தீக்குள் போனவர், யார் போகாதவர் என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். என் கை வழவழவென்று இருந்தது.

வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானையும் அவரே மாட்டினார்.

"ஆறிருச்சு போலய்யா," என்றார்.

இலைக்குச் சோற்றைத் தள்ளினார். "சாப்பிடு. சாப்பிட்டுக்கிட்டே இன்னொருக்கா சொல்லு. என்ன சொன்னான்?"

நான் சொன்னேன்.