செடிக்குப் பக்கத்தில் நின்ற பெண்

தப்பு என்னுடையது. எங்கள் மாடித்தோட்ட இணையக் குழுவில் படத்தை நேராகப் போட முடியாது. வேறு தளத்தில் ஏற்றி இணைப்பைத் தர வேண்டும். கணக்கே தொடங்க வேண்டாத ஓர் இலவசத் தளத்தை, நிபந்தனைகளைப் படிக்காமலே, குழுவில் புதிதாகச் சேர்ந்த, அடையாறில் எங்கள் குடியிருப்பின் காவலாளிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒல்லியான மனிதர். சட்டை நுனியால் கேமராவைத் துடைத்த பிறகுதான் படமெடுப்பார். செடியின் உயரம் தெரிவதற்காக மகளைப் பக்கத்தில் நிற்கவைப்பார்.

ஒரு நாள் போனை நீட்டினார். "இன்னா சார் இது? எம் பொண்ணு படம் ஏதோ அசிங்கமான சைட்ல கீது. எவனெவனோ கீழ எழுதிக்கினு கீறான். எடுத்துடு சார்."

ஏற்றிய படங்களை யாருக்கும் கொடுக்கலாம் என்று அந்த இலவசத் தளத்தின் நிபந்தனையிலேயே இருந்தது. கணக்கு இல்லாதவர் அங்கே எதையும் அழிக்க முடியாது. தளத்தாருக்கு எழுதிக் கெஞ்சினேன். உடனே பதில் வந்தது: படத்தில் இருப்பவரை உறுதிசெய்ய, அந்தப் பெண்ணின் புதிய படம் ஒன்றை அனுப்பவும்.

படித்துக் காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ சொன்னா அனுப்பிடலாம் சார்."